பார்த்து எழுதினேன் என்றொரு வாக்குமூலம்

என் மனிசனுக்கு 'பாத்து' என்ற சொல் இல்லாமல் வாய் திறக்க வராது. நான் கிணற்றடிக்குப் போனால் "பாத்துப் போம், பாசி கிடக்கு" என்பார். பலாப்பழம் வெட்ட உட்கார்ந்தால் "பாத்து வெட்டும்". சைக்கிளை எடுத்தால் "பாத்து ஓடும்". ஒருநாள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு அறைக் கதவை அடித்துச் சாத்தினேன். வெளியே நின்றபடி "பாத்துச் சாத்தும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டையும் அதோடு முடிந்தது.

பாத்து என்றால் கவனமாக என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் அது விளங்கும். வெளிக்கிடுகிற ஆளை ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்பதற்காகத் தன்பாட்டில் வாயில் வருகிற சொல். அதற்குள் யோசனை ஒன்றும் கிடையாது. அந்தச் சொல்லால்தான் ஐம்பது வயது தாண்டிய பிறகு நான் கள்ளி என்று பெயர் எடுத்தேன்.

கொக்குவிலில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். என்னிடம் மண்ணில் 'அ' எழுதிப் பழகிய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அதே வகுப்பில் விடுகிற அளவுக்குக் காலம் போய்விட்டது. அனுபவம் இருந்தது, கடுதாசி இருக்கவில்லை. நிர்வாகசபை புதிதாக மாறியதும் கூட்டம் வைத்துச் சொன்னார்கள்: டிப்ளோமா இல்லாதவர்கள் வரும் தவணையில் இருந்து வகுப்பெடுக்க முடியாது, வேண்டுமென்றால் உதவிக்கு நிற்கலாம். உதவிக்கு நிற்பது என்றால் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, செருப்பை அடுக்கி, நேற்று வந்த டீச்சர்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது. எனக்கு அந்த வகுப்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அன்று வீட்டுக்கு வந்து சமைக்காமல் இருந்து அழுதேன்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் நடத்துகிற இணையப் பாடசாலை ஒன்றைப் பற்றி அவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். தமிழிலேயே படிக்கலாம், தமிழிலேயே எழுதலாம், வீட்டில் இருந்தபடியே பரீட்சை. "உமக்கெண்டே செய்து வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். பழைய மடிக்கணினி ஒன்றும் வாங்கித் தந்தார். அதன் ஒரு பொத்தானில் 'ற' அழிந்து போயிருந்தது.

சேர்ந்த அன்று மாணவர் ஒழுக்கக் கோவை என்று ஒன்றை அனுப்பினார்கள். பரீட்சை நேரம் கமரா திறந்திருக்க வேண்டும். ஒலிவாங்கியும் திறந்திருக்க வேண்டும். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, வாய் திறக்கக்கூடாது, திரையை விட்டு அடிக்கடி வேறெங்கும் பார்க்கக்கூடாது. இன்னொருவரின் விடையை உங்களுடையதாகக் கொடுக்கக்கூடாது. இயந்திரத்தைக் கேட்டு எழுதுவிக்கக்கூடாது. நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 'வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், உடன்படுகிறேன்' என்று ஒரு சின்னப் பெட்டி. நான் உண்மையிலேயே வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்த பிறகுதான் அந்தப் பெட்டியில் சரி போட்டேன். கூடப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஏனென்றால் எங்கள் வகுப்புக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. வீட்டில் எழுதி அனுப்பச் சொல்லி ஒப்படை தந்த பின்னேரமே ஒருத்தி எழுதியது எல்லோருடைய கைக்கும் வந்துவிடும். பத்தியை மேலும் கீழும் மாற்றிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "உப்பிடிக் களவெடுத்துப் படிச்சுப்போட்டு நாளைக்குச் சின்னப்பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப்போறியள்?" என்று குரல்பதிவாகவே போட்டுவிட்டுக் குழுவை விட்டு வெளியே வந்தேன். நல்லபிள்ளை என்ற திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் மனிசனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவருக்குச் சாவகச்சேரியில் வேலை. கோட்டுக்குப் பக்கத்தில், வழக்குப் பேசும் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதர். விடிய பஸ் ஏறினால் பொழுதுபட வருவார். அந்தப் பக்கத்துத் தென்மராட்சிச் சனம் எல்லைச் சண்டை, கடன், அடிபிடி என்று கொண்டுவருகிற கதைகளைக் கேட்டு மனுவாகவும் வாக்குமூலமாகவும் எழுதுவதுதான் வேலை. அதில் அவர் விண்ணன். கோழி களவெடுத்தவனைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தால், களவு போன கோழியே மனமிரங்கும். பழக்கதோஷம், வீட்டிலும் சில நேரம் 'மேற்படி' என்று தொடங்குவார். "மேற்படி கறிக்கு உப்புக் காணாது" என்று சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

பரீட்சை அன்று மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். குறிப்புகள் முழுவதையும் முன் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகளின் மனவளர்ச்சி பற்றிய பாடம். 'நான்கு வயதுப் பிள்ளை பொய் சொல்வது ஏன்? ஆசிரியர் அதை எவ்வாறு அணுக வேண்டும்?' என்று ஒரு கேள்வி. அதற்கு எனக்குப் புத்தகமே தேவையில்லை. பயத்தில் சொல்லும், ஆசையில் சொல்லும், டீச்சர் சந்தோஷப்படட்டும் என்றும் சொல்லும். என் வகுப்பில் நடந்ததையே எழுதிக்கொண்டு போனேன். கோண்டாவில் பக்கம் இருந்து வந்த ரயில் எங்கள் மதிலுக்குப் பின்னால் போனபோது மேசை கொஞ்சம் ஆடியது. அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை, அவ்வளவு ஆர்வம்.

அப்போது கதவு சற்றுத் திறந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றார். அன்றைக்கு வழக்கு ஒன்று பிந்தித்தான் எடுபடுமாம், அதனால் ஆறுதலாக வெளிக்கிட்டிருக்கிறார். கமராவுக்குத் தெரியக்கூடாது என்று தலையை மட்டும் நீட்டி, குரலைத் தாழ்த்தி, "இஞ்சரும், பாத்து எழுதும். அவசரப்படாதையும். நான் வெளிக்கிடுறன்" என்றார்.

எனக்கு எரிச்சல். விடை ஓடிக்கொண்டிருக்கும் நேரம் வந்து நிற்கிறாரே. அந்தப் பக்கம் திரும்பி, "ஓம், பாத்துத்தான் எழுதுறன். நீங்கள் போங்கோ" என்றேன்.

கதவு சாத்தப்பட்டது. நான் தொடர்ந்து எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன்.

பிறகு ஒருநாள் 'கல்விசார் நேர்மை மீறல் தொடர்பான விசாரணை' என்ற தலைப்பில் மின்னஞ்சல் வந்தது. வேறு ஆளுக்கு வரவேண்டியது மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

விசாரணையும் திரையில்தான். மறுபக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். எங்கள் ஆட்கள்தான், ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஒழுக்கக் குழுவில் அவளும் ஒருத்தி. "வணக்கம் அன்ரி, சுகமாக இருக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய தமிழ் வடிவான தமிழ். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான் பேசினாள். அந்த 'அன்ரி'யில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இது பெரிய காரியமில்லை, கதைத்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். அவருடைய தாழ்ந்த குரல், பிறகு என்னுடைய எரிச்சல் குரல். கள்ளர் கதைப்பது போலத்தான் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தாமல் வழக்கம்போலச் சத்தமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அன்ரி, ஒருவர் உங்களைப் பார்த்து எழுதச் சொல்கிறார். நீங்களும் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்று சொல்கிறீங்கள். நான் சொல்வது சரிதானே?"

"அது கவனமாய் எழுதும் எண்டு சொன்னது, பிள்ளை."

"அப்படியென்றால் கவனமாக எழுதும் என்று சொல்லலாம்தானே?"

வாயில் வந்த சொல் ஏன் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? "நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்" என்றேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். தான் சின்ன வயதில் இருந்து சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போனவள் என்றும், பாடப் புத்தகத்தில் மேலே ஒரு வரி அச்சடித்து, 'பார்த்து எழுதுக' என்று போட்டு, கீழே வெறும் கோடு விட்டிருப்பார்கள் என்றும் சொன்னாள். மேலே இருப்பதை அப்படியே கீழே எழுதவேண்டும். பார்த்து எழுதுவது என்றால் தனக்கு அதுதான் என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. நானே என் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் 'பார்த்து எழுதுக' என்றுதான் எழுதிப் போடுகிறேன். ஒரே சொல் வகுப்பில் ஒன்றாகவும் வாசலில் இன்னொன்றாகவும் இருக்கிறது. இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு அதைப் பிரித்துச் சொல்லித்தர ஒருவரும் தேவைப்படவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவ்வளவையும் அன்றைக்கே ஆறுதலாக யோசித்திருந்தால் நல்லது. எனக்கு எங்கே அந்தப் பொறுமை? நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"பிள்ளை, உமக்குத் தமிழ் காணாது. தமிழ் தெரிஞ்ச ஆள் ஆரும் இருந்தால் கூப்பிடும்" என்றேன்.

அவளுடைய முகம் அப்படியே சுருங்கிப் போனது. மற்றப் பிள்ளைகள் விளையாடும் நாளில் தமிழ் படிக்கப் போன பிள்ளை. அவளிடம் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. வேறு எதையாவது சொல்லி ஏசியிருக்கலாம். அதன் பிறகு அவள் என்னை அன்ரி என்று கூப்பிடவில்லை. 'விசாரணை அலுவலரை அவமதித்தல்' என்று இரண்டாவது குற்றமும் சேர்ந்தது.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருப்பதாக எழுதி அனுப்பினார்கள். மறுப்பதென்றால் முழுக் குழுவின் முன் விசாரணை. அது கூடும்வரை பரீட்சைப் பெறுபேறு நிறுத்தி வைக்கப்படும். ஒப்புக்கொள்வதென்றால் நடந்ததையும் அதற்கான காரணத்தையும் நேர்மையாக ஒரு கூற்றாக எழுதி, என் சொந்தக் குரலில் அவர்கள் முன் வாசிக்க வேண்டும். பிறகு மறுபடி பரீட்சை எழுதலாம். குழு எப்போது கூடும் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார்கள். தவணை தொடங்க அதிக நாள் இல்லை. என் வகுப்பறையில் என் கதிரையில் வேறு ஒருத்தி இருப்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

அந்த நாட்களில் விஷயம் கேள்விப்பட்டு நீர்வேலியில் இருந்து தங்கச்சி வந்தாள். அவளுக்கு அங்கே வாழைத்தோட்டம். வரும்போது கதலிச் சீப்பு ஒன்று கொண்டுவருவது வழக்கம். அதை ஆணியில் கொழுவிவிட்டு, குந்தியபடி நேரே கேட்டாள்.

"மெய்யே அக்கா, பாத்து எழுதினனியோ?"

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. "நீயுமோ? என்னைக் கேக்க உனக்கு எப்பிடி மனம் வந்தது?"

"கேட்டால் என்ன? இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லன்."

"நான் சொல்லித்தான் உனக்குத் தெரியவேணுமோ? எழும்பு, எழும்பிப் போ."

"விசர்க் கதை கதைக்காதை அக்கா. தெரியாமல்தானே கேக்கிறன்."

நான் குசினிக்குள் போய்விட்டேன். அவள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பிறகு தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டாள். அவர் வேலையால் வந்ததும் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். "கூடப் பிறந்தவள் கேக்கிறாள். நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டியளோ? அதுதான் மனிசர்" என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு அப்போது ஆறுதலாக இருந்தது. என்னை அறிந்தவர், கேட்கத் தேவையில்லாதவர் என்று நினைத்தேன். சொல்லும் அவர் வாயில் இருந்து வந்த சொல்தானே, அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

"நீங்கள் வந்து அவைக்குச் சொல்லுங்கோவன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"புருசன் பெண்சாதிக்குச் சாட்சி சொன்னால் ஆர் நம்புவினம்? கோட்டிலை எண்டால் சிரிப்பினம்" என்றார். "இஞ்சரும், நான் எத்தினை பேரைப் பாத்திட்டன். வழக்காடி வெண்டவனிலும் பாக்க ஒப்புக்கொண்டு தப்பினவன்தான் கெதியா வீட்டை போனவன். உமக்கு வகுப்பு வேணுமோ, வழக்கு வேணுமோ?"

வகுப்புத்தான் வேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் கடுதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கந்தோரில் இருப்பது போலவே இருந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேள்வி கேட்டுக் கேட்டு. மேசை எந்தப் பக்கம் கிடந்தது? யன்னல் திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா? மேசைக்கு இழுத்துத் திறக்கிற லாச்சி இருக்கிறதா? கமரா எவ்வளவு தூரம் வரை பார்க்கும்? எனக்கு எந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது? நானும் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். ஒருவர் எனக்காக இவ்வளவு கரிசனையாகக் கேட்டு எழுதுகிறாரே என்று மனம் இளகிப் போயிருந்தேன்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்.

'பரீட்சை ஆரம்பிக்கும் முன்னரே குறிப்புத்தாள்களை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். வைக்கும்போது அவற்றைப் பார்க்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அருகில் இருக்கின்றன என்ற தைரியத்துக்காகவே வைத்தேன். என்னிலும் மிக இளையவர்கள் இலகுவாக எழுதும் விடை எனக்கு மறந்து போய்விடுமோ என்ற பயம் பல நாட்களாக என்னிடம் இருந்தது. அந்தப் பயத்தை என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. லாச்சியைத் திறந்த கணத்தில், என் வகுப்பில் பொய் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நிற்கும் பிள்ளையின் நினைவு வந்தது...'

அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. அவரிடம் சொன்னதில்லை. நான் ஒருநாள் பார்த்து எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன். எடுத்த உடனே பார்க்க எனக்குத் துணிவு வராது. முதலில் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். என் கையையும் மனத்தையும் கிட்ட இருந்து பார்த்தவர் எழுதியது போல இருந்தது.

"இது பொய்யல்லோ" என்றேன்.

"பொய்யில்லை, கடுதாசி" என்றார். "சும்மா பிழை விட்டிட்டன் மன்னியுங்கோ எண்டு எழுதினால் ஒருத்தரும் நம்பமாட்டினம். விபரம் இருக்கவேணும். பாரும், என்னையும் உள்ளுக்குப் போட்டிருக்கிறன். கணவர் அறிந்தும் தடுக்கவில்லை எண்டு. அப்பத்தான் உமக்குப் பாரம் குறையும்."

தன் பெயரைக் கெடுத்து என் பாரத்தைக் குறைத்திருக்கிறார். கீழே கையெழுத்தை வைத்தேன்.

அதைத் திரைக்கு முன்னால் இருந்து வாசித்தேன். அந்தப் பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் வாசிப்பை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நடிப்பு இல்லை. வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையின் இடம் வந்தபோது, நான் இப்போது அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்கள் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார்கள். முடிந்ததும் அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்ரி, உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்றாள். மறுபடியும் அன்ரி ஆகிவிட்டேன்.

"பிள்ளை, அண்டைக்கு உமக்குத் தமிழ் காணாது எண்டு சொன்னது பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன். எழுதி வைத்த கடுதாசியில் அது இல்லை. அன்று நான் என் சொந்த வாயால் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

மறுபடி பரீட்சை எழுதினேன். சித்தியடைந்தேன். தவணை தொடங்கியபோது என் வகுப்பு எனக்கே கிடைத்தது. பெறுபேற்றோடு ஒழுக்கக் குழுவின் குறிப்பும் வந்திருந்தது. 'இவரது கூற்று மிகுந்த நேர்மையுடனும் உண்மையான மனவருத்தத்துடனும் எழுதப்பட்டிருந்தது. ஏனைய மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாக, பெயர் குறிப்பிடாமல் இதைப் பயன்படுத்த அனுமதி கோருகிறோம்' என்று.

அன்று பின்னேரம் அவர் வந்து கைகால் கழுவிப் புட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதை வாசித்துக் காட்டினேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீரோ? எங்கடை ஐயாகூட ஒருநாளும் உப்பிடி மெச்சினதில்லை" என்றார். ஐயா என்றது அவருடைய சட்டத்தரணியை. "மேற்படி கணவர் விண்ணன்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது. கேட்காமல் சொதியை ஊற்றியிருக்கலாம்.

"இஞ்சருங்கோ, நான் பாத்து எழுதினனானோ இல்லையோ எண்டு நீங்கள் ஒருக்காலும் என்னைக் கேக்கேல்லையே. என்ன?"

அவர் புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னார், யோசிக்கவே இல்லை. "அதை நாங்கள் ஆரிட்டையும் கேக்கிறேல்லை. கேட்டால் சனம் சொல்லிப்போடும். பிறகு எழுத வராது."

குசினிக்குள் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழும்பவில்லை. இந்த மனிசனோடு இத்தனை காலம் ஒரு வீட்டில் சீவித்திருக்கிறேன். எனக்காகத் தன் பெயரைக் கெடுத்தவர். ஆனால் நான் செய்தேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரியாமலேயே என்னைக் காப்பாற்றியிருக்கிறார், சாவகச்சேரிக் கோட்டு வாசலில் நிற்கும் எவரையும் காப்பாற்றுவது போல.

"இப்ப கேளுங்கோ" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. ஏதோ பிழையாகிவிட்டது என்று விளங்கியிருக்கும், என்ன பிழை என்று விளங்கவில்லை. "இப்ப என்னத்துக்கு?" என்றார். "அதுதான் எல்லாம் முடிஞ்சுதே. வகுப்பும் கிடைச்சிட்டுது."

கேளாவிட்டால் என்ன, நானாகவே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். 'நான் செய்யேல்லை.' இரண்டே சொல்தான். தங்கச்சி கேட்ட அன்று சொல்லியிருக்கலாம், அவர் லாச்சியைப் பற்றிக் கேட்ட மத்தியானம் சொல்லியிருக்கலாம். அப்போது அந்தச் சொல்லுக்கு ஒரு பெறுமதி இருந்தது. இப்போது லாச்சியும் குறிப்புத்தாளும் பயமுமாக ஒரு முழு வாக்குமூலம் இருக்கிறது. அதன் கீழே கையெழுத்து என்னுடையது, வாசித்த குரலும் என்னுடையது. கோட்டு வாசலில் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, பிறகு இல்லை என்று சொல்கிறவர்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு அவர் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஓம் ஓம் என்று அன்பாகத் தலையாட்டி அனுப்பிவிடுவார்.

எனக்கும் அவர் அப்படித் தலையாட்டிவிடுவார் என்ற பயத்தில் நான் சொல்லவில்லை.